ஏரி யாருடையது?
லேக் கவுண்டியின் நிலமும் வரலாறும் ஜனங்களும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் டென்னெஸி என்னும் மாகாணத்தின் வடமேற்கு மூலையில் லேக் கவுண்டி என்று ஒரு சிறு பிரதேசம் உண்டு. கவுண்டி என்பது மாகாணத்தின் உட்பிரிவு. தனக்கென ஒரு தலைநகரும் நியாயஸ்தலமும் வரி வசூலும் உடையது. லேக் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஏரி என்பது பொருள். ஆகவே இப்பிரதேசத்தை ஏரிநாடு என்றே சொல்லலாம். பெரிய நகரமோ, பெயர்பெற்ற சுரங்கமோ, ஆலையோ இங்கே இல்லை. எனினும், பொதுச் சொத்து என்பது எது, அதை அடைவது எப்படி, அடைந்தபின் காப்பது எப்படி என்னும் கேள்விகளுக்கு இந்நாட்டின் வரலாறு ஒரு நல்ல பாடமாக இருக்கிறது.

நிலத்தின் அமைப்பு

லேக் கவுண்டியின் மேற்கெல்லை மிஸ்ஸிஸிப்பி நதி. ஆற்றுக்கு அப்பால் மிஸ்ஸௌரி மாகாணம். வடக்கே கென்டக்கி மாகாணம். கிழக்கே ரீல்ஃபுட் ஏரியும், அதற்கப்பால் ஓபயன் கவுண்டியும் உள்ளன. ஏரியின் நீர்ப்பரப்பை இவ்விரு கவுண்டிகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. லேக் கவுண்டியின் நிலப்பரப்பு சுமார் 166 சதுர மைல். டிப்டன்வில் தலைநகர், ரிட்ஜ்லி மற்றோர் ஊர்.

நிலம் பெரும்பாலும் தட்டையானது. ஆறு பன்னெடுங்காலம் கொணர்ந்து பரப்பிய வண்டல். பருத்தி, மக்காச்சோளம், கோதுமை, சோயா மொச்சை ஆகியவை நன்கு விளையும். ஆனால் விளைச்சலைத் தந்த ஆறே அதைக் கொண்டுபோகவும் வல்லது. ஆதலால் ஆற்றோரம் நெடுகிலும் உயர்ந்த வெள்ளத் தடுப்புக் கரைகள் போடப்பட்டுள்ளன. ஆறு இங்கே நேராக ஓடுவதில்லை. பெரும் வளைவுகளாக வளைந்து செல்கிறது. அவ்வளைவு ஒன்றினுள் கென்டக்கியைச் சேர்ந்த ஒரு துண்டு நிலம் சிக்கிக்கொண்டிருக்கிறது. மூன்று புறமும் ஆறு. நான்காம் புறம் லேக் கவுண்டி. அங்கு வசிப்போர் தங்கள் சொந்த மாகாணத்துக்குத் தரைவழியாகச் செல்ல வேண்டுமானால் டென்னெஸிக்குள் நுழைந்துதான் செல்லவேண்டும். காகிதத்தில் போடப்பட்ட எல்லைக்கும் நிலத்தின் இயல்புக்கும் பொருத்தம் இல்லாமற்போவதற்கு இது ஓர் உதாரணம். இதைவிடப் பெரிய உதாரணம் ஏரியே.

ஏரி பிறந்த வரலாறு

ரீல்ஃபுட் ஏரி மனிதர் கரைகட்டித் தேக்கியது அன்று. 1811-ம் வருஷம் டிசம்பர் 16-ந் தேதி பின்னிரவில் இப்பிரதேசத்தில் ஒரு பெரும் பூகம்பம் உண்டாயிற்று. 1812-ம் வருஷம் ஜனவரி 23-ந் தேதியும் பிப்ரவரி 7-ந் தேதியும் மீண்டும் பெரிய அதிர்ச்சிகள் நேர்ந்தன. ஆற்றின் மறுகரையிலிருந்த நியூ மாட்ரிட் என்னும் ஊர் பாழாயிற்று. அவ்வூரின் பெயராலேயே இப்பூகம்பங்கள் இன்றும் வழங்கப்படுகின்றன.

பிப்ரவரி மாதத்து அதிர்ச்சியில் பூமிக்கடியில் ஒரு பாறைப்பிளவின் ஒருபுறம் மேலே எழும்பிற்று. எழும்பிய மேடு ஆற்றின் குறுக்கே தடையாக நின்றமையால், மிஸ்ஸிஸிப்பி நதி சிறிது நேரம் பின்னோக்கி ஓடியதைப் படகிலிருந்தோர் கண்டனர். கிழக்கே சிறு ஆறு ஒன்றின் வழியை அம்மேடு அடைத்தது. அருகில் தாழ்ந்த நிலத்தில் நீர் தேங்கிற்று. அங்கே நின்ற சைப்ரஸ் முதலிய மரங்கள் நின்ற நிலையிலேயே மூழ்கின. அம்மரங்களின் அடிக்கட்டைகள் நீருக்கடியில் மறைந்திருந்து, படகோட்டிகளுக்கு இடையூறாக இருந்துவருகின்றன.

பூமி நூல் வல்லுநர் இந்த எழும்பிய நிலத்துக்கு லேக் கவுண்டி மேடு என்றே பெயரிட்டிருக்கின்றனர். அது சுற்றுப்புறத்தைவிடச் சிலவிடங்களில் சுமார் 30 அடி வரை உயர்ந்துள்ளது. ஒரே பூகம்பத்தால் உண்டானது அன்று அது. ஏறக்குறைய கி. பி. 900-லும் 1450-லும் இதே போன்ற அதிர்ச்சிகள் நேர்ந்தன என்பதற்கு மண்ணிலேயே அடையாளங்கள் உள. ஆகவே, காலடியில் உள்ள ஆபத்து முடிந்துபோன கதை அன்று.

ஏரியின் பரப்பு சுமார் 15,000 ஏக்கர். ஆனால் ஆழமோ சராசரி 5 அடிதான். இவ்வளவு பரந்து இவ்வளவு ஆழமற்று இருப்பதால் சூரிய வெளிச்சம் அடிவரை செல்லுகிறது, நீர்ப்பூண்டுகள் செழிக்கின்றன, மீன்கள் மிகுதியாகப் பெருகுகின்றன. குளிர்காலத்தில் வாத்தினங்களும், அவற்றையும் மீனையும் இரையாக நாடி வெண்தலைக் கழுகுகளும் வந்து கூடுகின்றன.

குடியேற்றம்

மேற்கு டென்னெஸி முழுவதும் முற்காலத்தில் சிக்கஸா என்னும் பூர்வகுடிகளின் நாடு. 1818-ம் வருஷத்து உடன்படிக்கையினால் அவர்கள் அதை இழந்தனர். பின்னர் வெள்ளையர் வந்து காடு திருத்திக் குடியேறினர். அவர்களிற் பலரிடம் பட்டயம் கிடையாது. உழுத நிலமே உரிமை என்று வாழ்ந்தனர். 1820-களில் இப்பக்கத்துக் காடுகளில் கரடி வேட்டையாடிப் புகழ்பெற்ற டேவி கிராக்கெட் என்பவர், காங்கிரஸ் சபைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டபின், இத்தகைய ஏழைக் குடியேறிகளுக்கு நிலவுரிமை கிடைக்கவேண்டும் என்று வாதாடினார். நிலம் யாருடையது என்னும் கேள்வி இந்நாட்டில் தொடக்கத்திலேயே எழுந்தது என்பதை இதனால் அறியலாம்.

1862-ம் வருஷம் உள்நாட்டுப் போரில், ஆற்றிலிருந்த பத்தாம் நம்பர் தீவைத் தென்னாட்டுப் படை காத்துநின்றது. அப்படையினர் பின்வாங்க இருந்த ஒரே வழி டிப்டன்வில். மேற்கே ஆறு, கிழக்கே ஏரியும் சதுப்பும். வடநாட்டுத் தளபதி போப் அவ்வழியை மறிக்கவே, ஏப்ரல் மாதம் அவர்கள் டிப்டன்வில்லில் சரணடைந்தனர். அக்காலத்தில் இந்நிலம் ஓபயன் கவுண்டியைச் சேர்ந்திருந்தது. கவுண்டித் தலைநகருக்குச் செல்ல வேண்டுவோர்க்கு இதே ஏரியும் சதுப்புமே குறுக்கே நின்றன. 1870-ம் வருஷம் ஏரிக்கு மேற்கேயுள்ள நிலம் தனிக் கவுண்டியாகப் பிரிக்கப்பட்டது.

பட்டயமும் நீரும்

ஏரியில் மீன் பிடித்தும் பறவை வேட்டையாடியும் கரையோரத்தில் சிறிது பயிரிட்டும் பல குடும்பங்கள் இரண்டு மூன்று தலைமுறைகளாக ஜீவனம் செய்துவந்தன. ஏரி எல்லோருக்கும் பொது என்றே அவர்கள் எண்ணினர். ஆனால் ஏரி தோன்றுமுன், 1780-களில், அப்பொழுது டென்னெஸியைத் தன்னுள் கொண்டிருந்த வட கரோலினா அரசாங்கம் இங்குள்ள நிலங்களைத் தனிப்பட்டவர்களுக்குப் பட்டயம் எழுதிக் கொடுத்திருந்தது. பட்டயத்தில் குறித்தது நிலம். 1812-க்குப் பின் அங்கு இருந்தது நீர். நிலத்தின்மேல் நீர் வந்து நின்றால் பழைய பட்டயம் செல்லுமா, செல்லாதா? படகோட்டத்துக்குத் தகுதியான நீர்நிலை பொதுமக்களுக்கு உரியது என்பது சட்டம். இந்த ஏரி அத்தகையதா? இவையே விவகாரத்தின் உட்பொருள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹாரிஸ் என்னும் நிலச்சுவான்தார் இப்பழைய பட்டயங்களை வாங்கிச் சேர்த்து, ஏரியை வடித்து விளைநிலமாக்க முனைந்தார். அவருக்குப் பின் மேற்கு டென்னெஸி நிலக் கம்பெனி என்ற ஸ்தாபனம் ஏற்பட்டு, ஏரி முழுவதும் தன்னுடையது என்றது. மீன் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. தலைமுறை தலைமுறையாகத் தடையின்றி வலை வீசியவர்கள் இனிக் கம்பெனியின் தயவில் வாழவேண்டியதாயிற்று. கரையோரத்துப் பயிர் நிலத்துக்கும் இதே கதி நேருமோ என்னும் அச்சமும் பரவிற்று.

முகமூடிக் கூட்டம்

மீனவரும் குடியானவரும் முதலில் நியாயஸ்தலத்தை நாடினர். வழக்குகள் நீண்டன, பணம் செலவாயிற்று. 1908-ம் வருஷம் அவர்களிற் பலர் ஒரு ரகசியக் கூட்டம் சேர்ந்தனர். முகமூடி அணிந்து, இரவில் குதிரையேறிச் சென்றமையால் இரவுக் குதிரைக்காரர் எனப் பெயர்பெற்றனர். கூட்டத்தின் செய்தியை வெளியிடுவதில்லை என்று பிரமாணம் செய்தனர். மீன் இறக்கும் துறைக் கட்டடத்தை எரித்தனர். பகைவர் என்று கருதியவர்க்கு மிரட்டல் கடிதம் விடுத்தனர், சவுக்கால் அடித்தனர். ஏரிக்கும் கம்பெனிக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லாத கறுப்பர் இனத்து ஏழைகளும் அவர்களால் துன்புற்றனர்.

அவ்வருஷம் அக்டோபர் 19-ந் தேதி இரவு, ஏரிக்கரையில் வால்நட் லாக் என்னும் இடத்து விடுதியில் தங்கியிருந்த ராங்கின், டெய்லர் என்ற இரு வக்கீல்களை அக்கூட்டத்தார் வெளியே இழுத்துச் சென்றனர். இருவரும் நிலக் கம்பெனியைச் சேர்ந்தவர்கள். ராங்கினை மரத்தில் தூக்கிச் சுட்டுக் கொன்றனர். வயது முதிர்ந்த டெய்லர் நீரில் பாய்ந்து தப்பி, சதுப்புக் காட்டில் அலைந்து, பின்னர் உயிருடன் கண்டெடுக்கப்பட்டார்.

மாகாண கவர்னராகிய பாட்டர்ஸன் படையுடன் வந்தார். பலர் கைதாயினர். 1909-ம் வருஷம் ஜனவரி மாதம் ஓபயன் கவுண்டித் தலைநகராகிய யூனியன் ஸிட்டியில் ஆறு பேருக்கு மரணதண்டனையும், இருவருக்கு 20 வருஷச் சிறைத்தண்டனையும் விதிக்கப்பட்டன. விசாரணை நடந்த முறையில் குற்றங்கள் இருந்தமையால், அதே வருஷம் மாகாண உயர் நியாயஸ்தலம் அத்தீர்ப்பை ரத்துச் செய்தது. முடிவில் எவரும் தண்டனை அடையவில்லை.

பொதுச் சொத்தானது

ஏரியின் உரிமைபற்றிய வியாஜ்யம் அதன்பின்னும் நடந்தது. 1914-ம் வருஷம் மாகாண சர்க்கார் ஏரியைச் சட்டப்படி பொதுவுடைமையாக ஏற்றது. 1925-ம் வருஷம், கவர்னர் ஆஸ்டின் பே காலத்தில், அது பூங்காவாகவும் மீனும் வேட்டைப் பிராணிகளும் காக்கப்படும் இடமாகவும் ஏற்படுத்தப்பட்டது. 1941-ம் வருஷம் ஏரியின் ஒரு பகுதியும் அதனையடுத்த நிலமும் மத்திய சர்க்காரின் வனவிலங்குப் புகலிடமாயின.

கொலை நடந்ததனாலன்றோ ஏரி ஜனங்களுக்குக் கிடைத்தது என்று சிலர் கேட்கலாம். அவ்வாறு எண்ணுவது தவறு. ஏரி பொதுமக்களுக்கு உரியது என்னும் வாதம் அக்கொலைக்கு முன்னமே நியாயஸ்தலங்களில் எடுத்துரைக்கப்பட்டிருந்தது. அதற்கு முகமூடி தேவைப்படவில்லை. கொலையினால் ஒரு குடும்பம் தலைவனை இழந்தது; நியாயமான குறையுடைய எளிய மனிதர் பலர் தூக்குமேடையின் நிழலில் மாதக்கணக்காக நின்றனர்; நாடெங்கும் இருந்த அனுதாபம் குறைந்தது. ஆயினும் மற்றொரு பக்கமும் உண்டு. ஜனங்களின் நெடுநாளைய அனுபவ உரிமையைத் தக்க காலத்தில் தீர்மானியாது, வருஷக்கணக்காகத் தாமதிக்க விட்டதில் ஆள்வோருக்கும் பங்கு இருந்தது. தாமதித்த நீதி தீக்கு விறகாகும்.

ஜனங்களும் தொழிலும்

ஏரியின் இயல்பு அங்குள்ளோரின் தொழிலையும் அமைத்தது. சாதாரணமாகத் துடுப்பு வலிப்பவன் செல்லும் திசைக்கு முதுகு காட்டி அமர்கிறான். அடிக்கட்டைகள் நிறைந்த ரீல்ஃபுட் ஏரியில் அவ்வாறு சென்றால் படகு உடையும். ஆகையால், நடுவில் கீல் வைத்து அமைத்த துடுப்புகளால் முன்னோக்கி அமர்ந்து வலிக்கக்கூடிய ஒருவகைப் படகு இங்கே வழங்கிற்று. பின்னர் அதற்கு இயந்திரமும் பொருத்தப்பட்டது. கட்டைமேல் தாவும் படகு என்னும் பொருளில் அதற்கு ஒரு வேடிக்கைப் பெயரும் உண்டு. கால்ஹூன் குடும்பத்தார் நான்கு தலைமுறை இப்படகைக் கட்டினர். அவர்களுள் டேல் கால்ஹூன் என்பவருக்கு 1998-ம் வருஷம் நாட்டுப்புறக் கலைஞர்க்குரிய தேசிய விருது அளிக்கப்பட்டது. படித்து வந்த கலையன்று அது. ஏரி கற்பித்த கலை.

வயல்களில் நெடுங்காலம் வாரச் சாகுபடி நடந்தது. நிலம் ஒருவருடையது, உழைப்பு மற்றொருவருடையது, விதையும் சாமானும் கடனாகப் பெற்ற வாரக்குடிக்கு அறுவடையில் மிஞ்சுவது சொற்பம். கார்ல் பெர்க்கின்ஸ் என்னும் புகழ்பெற்ற பாடகர் 1932-ம் வருஷம் டிப்டன்வில் அருகே இத்தகைய குடும்பமொன்றில் பிறந்தார். சிறுவயதில் பருத்தி எடுத்தார். அதே வயலில் வேலைசெய்த கறுப்பர் இனத்துப் பெரியவர் ஒருவரே அவருக்குக் கிதார் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். பள்ளியும் கோயிலும் நிறத்தால் பிரிந்திருந்த காலத்தில் வயல்வெளி அவ்விருவரையும் சேர்த்துவைத்தது.

பருத்தி எடுக்கும் இயந்திரம் வந்தபின் கைவேலைக்குத் தேவை குறைந்தது. வாரக்குடிகள் நகரங்களுக்குச் சென்றனர். 1950-ம் வருஷம் 11,000-க்கு மேற்பட்டிருந்த ஜனத்தொகை 2020-ம் வருஷத்துக் கணக்கின்படி சுமார் 7,000. அத்தொகையிலும் இங்குள்ள மாகாணச் சிறைச்சாலையில் அடைபட்டோர் அடங்குவர். பயிரும், சிறைச்சாலை உத்தியோகமும், ஏரியைக் காணவும் மீன்பிடிக்கவும் வருவோரால் வரும் வருமானமுமே ஜீவன மார்க்கங்கள்.

ஜனங்கள் வெளிப்படையாக ஒன்றுகூடிய ஸ்தாபனத்துக்கும் இங்கே உதாரணம் உண்டு. லாபம் போதாது என்று தனியார் மின்சாரக் கம்பெனிகள் கிராமங்களுக்குக் கம்பி இழுக்க மறுத்தன. 1935-ம் வருஷம் மத்திய சர்க்கார் கிராம மின்சார இலாகாவை ஏற்படுத்திக் கடன் உதவிற்று. அக்காலத்தில் தோன்றிய கிப்ஸன் மின்சார அங்கத்தினர் சங்கம் லேக் கவுண்டியின் வீடுகளுக்கும் விளக்கேற்றுகிறது. மின்சாரம் பெறுவோரே அதன் அங்கத்தினர். அங்கத்தினரே அதன் சொந்தக்காரர்.

தூர்ந்துவரும் ஏரி

ஏரி பொதுவாயிற்று, ஆயினும் கவலை தீரவில்லை. கிழக்கே ஓபயன் கவுண்டியில் உள்ள குன்றுகள் காற்று கொணர்ந்து குவித்த நுண்மண்ணால் ஆனவை. காடழித்து அக்குன்றுகளை உழுதபின், மழைதோறும் மண் கரைந்து ஓடைகள் வழியே ஏரியில் வந்து படிகிறது. ஐந்தடி ஆழமுள்ள நீர்நிலைக்கு ஓரடி வண்டலும் பெருநஷ்டம். சரிவுகளில் புல் வளர்த்தல், உழாமல் விதைத்தல், ஓடைகளின் குறுக்கே வண்டல் தங்கும் குட்டைகள் அமைத்தல் ஆகியவையே பரிகாரங்கள். ஆனால் குன்றின்மேல் உழுபவன் ஏரியில் மீன் பிடிப்பவனல்லன். ஒருவன் செய்யும் காரியத்தின் பலனை மற்றொருவன் அனுபவிக்கிறான்.

நீர்மட்டம்பற்றியும் கருத்து வேற்றுமை உண்டு. ஏரியின் தென்புறத்துக் கலிங்கினால் நீர் கட்டுப்படுத்தப்படுகிறது. அடிமண் காய்ந்து இறுகவும் மீன் பெருகவும் சிற்சில காலம் நீரை இறக்கவேண்டும் என்பது வல்லுநர் அபிப்பிராயம். 1985-ம் வருஷம் அவ்வாறு செய்ய முனைந்தபோது, கரையோரத்தார் சிலர் வழக்குத் தொடுத்தனர். விளைவுகளை முன்னதாக ஆராயவில்லை என்று நியாயஸ்தலம் அதை நிறுத்திற்று. அவர்கள் வந்தது முகமூடியுடன் அன்று, மனுவுடன். 1908-க்கும் இதற்கும் உள்ள வேற்றுமையே அந்நாட்டின் முன்னேற்றம்.

2021-ம் வருஷம் டிசம்பர் 10-ந் தேதி இரவு ஒரு பெருஞ் சூறாவளி ஏரியைக் கடந்து சென்றது. இருகரைகளிலும் வீடுகளும் விடுதிகளும் அழிந்தன, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. பூமியால் பிறந்த ஏரிக்குக் காற்றும் ஒரு சோதனை வைத்தது.

படிப்பினை

1908-ம் வருஷத்து மீனவரிடம் ஒற்றுமை இருந்தது, துணிவு இருந்தது, நியாயமான குறையும் இருந்தது. அவர்களிடம் இல்லாதவை திறந்த கூட்டம், எழுதிய விதி, எல்லோரும் பார்க்கத்தக்க கணக்கு ஆகியவையே. ரகசியப் பிரமாணத்தால் கட்டுண்ட கூட்டம் தன் பகைவரை மட்டுமன்றித் தன் அங்கத்தினரையும் அச்சத்தில் வைக்கிறது. அதில் சேர மறுப்பதும் அபாயம், விலகுவதும் அபாயம். பதிவுபெற்ற சங்கத்திலோ எவனும் தன் பெயரைச் சொல்லிப் பேசலாம். மாறுபட்ட கருத்தைக் கூறலாம். தலைவன் தவறினால் மாற்றலாம்.

மற்றொன்று: பொதுச் சொத்து என்பது பெறுவதோடு முடிந்துவிடுவதன்று. நிலக் கம்பெனி அந்த ஏரியை வடித்து அழித்திருக்கக்கூடும். கேட்பார் இல்லாவிடின், குன்றிலிருந்து ஓடிவரும் மண்ணும் அதையே மெதுவாகச் செய்துவிடும். ஏரி யாருடையது என்னும் கேள்விக்கு 1914-ம் வருஷத்தில் விடை கிடைத்தது. ஏரியைக் காப்பது யார் என்னும் கேள்விக்கு ஒவ்வொரு மழைக்காலத்திலும் விடை சொல்லியாக வேண்டும்.

வாசக சாலைகளிலும் இராப் பாடசாலைகளிலும் ஆலோசிக்கத்தக்க வினாக்கள்

1. ரீல்ஃபுட் ஏரி எவ்வாறு உண்டாயிற்று? அதன் ஆழம் குறைந்திருப்பதால் உண்டாகும் நன்மை யாது, தீமை யாது?

2. ஏரி தோன்றுமுன் எழுதப்பட்ட பட்டயம், ஏரி தோன்றியபின் செல்லவேண்டும் என்பார் பக்கமும், செல்லலாகாது என்பார் பக்கமும் கூறத்தக்க நியாயங்கள் எவை?

3. இரவுக் குதிரைக்காரர் கூட்டத்துக்கும் மின்சார அங்கத்தினர் சங்கத்துக்கும் உள்ள வேற்றுமைகளை எடுத்துரைக்க.

4. குன்றில் உழுபவனும் ஏரியில் மீன் பிடிப்பவனும் ஒரே சங்கத்தில் அமர்ந்தால், முதலில் எதைப்பற்றிப் பேசவேண்டும்?